விடுவிப்புக்கும் ஊர் திரும்பலுக்கும் இடையில்: வலிகாமம் வடக்கு – ஒரு நிகழ்வு ஆய்வு

யாழ்ப்பாணத்தில் காணியைப் பரப்பில்தான் பேசுவார்கள். ஆறு பரப்பு வளவு, எட்டுப் பரப்புத் தோட்டம் என்று சொன்னால் கேட்பவருக்கு அளவு கண்முன் வந்துவிடும். பதினாறு பரப்புச் சேர்ந்தால் ஒரு ஏக்கர். ஆனால் குடாநாட்டின் வடகரையிலுள்ள வலிகாமம் வடக்கில், 1990 முதல் இராணுவத்தின் பிடியில் இருந்த காணிகளின் விடுவிப்புச் செய்திகள் எப்போதும் ஏக்கரில்தான் வருகின்றன. 2015 டிசம்பரில் 701 ஏக்கர், 2018 ஏப்ரலில் 683 ஏக்கர், 2023 பெப்ரவரியில் 108 ஏக்கர். அந்த ஏக்கர்களுக்குள் எத்தனை வீட்டில் மறுபடி அடுப்பு எரிகிறது, எத்தனை கிணற்றில் மறுபடி வாளி இறங்குகிறது என்பதை இந்தச் செய்திகள் சொல்வதில்லை.

சொந்த நாட்டுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்களுக்கு நிலையான தீர்வு என்றால் என்ன என்று கேட்டால், நான் காட்டக்கூடிய பாடம் இந்தப் பிரதேசம்தான். இங்கே உலகத்தின் நல்ல கொள்கைகள் எல்லாம் வந்துபோயின. வழக்கு நடந்தது, ஆட்சிகள் மாறின, கையில் மாலையோடு ஜனாதிபதிகள் வந்தார்கள். பெருமளவு நிலமும் திரும்பியிருக்கிறது. அப்படியிருந்தும் முப்பத்தைந்து ஆண்டுகளின் பின்னும் கணக்கு முடியவில்லை. காணியை எண்ணினார்கள், குடும்பத்தை எண்ணவில்லை என்பதே இதற்கு முதற்காரணம் என்று நினைக்கிறேன்.

ஊர் காலியான விதம்

1990 ஜூனில் இரண்டாம் கட்டப் போர் வெடித்தது. பலாலி விமானத்தளமும் காங்கேசன்துறைத் துறைமுகமும் இராணுவத்தின் கையில் இருந்தன. அவற்றைச் சுற்றியிருந்த மயிலிட்டி, ஊறணி, தையிட்டி, வசாவிளான், கட்டுவன், குரும்பசிட்டி, மாவிட்டபுரம் என்று ஊர் ஊராக ஷெல்லடிக்குப் பயந்து சனம் எழும்பியது. பெரும்பாலானோர் சில நாட்களில் திரும்பிவிடலாம் என்று நினைத்து ஆடு மாடுகளை அவிழ்த்துவிட்டு வந்தவர்கள். செம்பாட்டு மண்ணில் வெங்காயமும் புகையிலையும் வாழையும் நின்றன. 1950இல் தொடங்கிய காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையும் அந்த ஆண்டோடு ஓய்ந்தது.

முதலில் உறவினர் வீடு, பாடசாலை, கோயில் மண்டபம். பிறகு மல்லாகம், சுன்னாகம் பக்கத்தில் முகாம்கள். அவற்றை அரச கடிதங்கள் 'நலன்புரி நிலையம்' என்று எழுதின. 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணமே வெளியேறியபோது இந்தக் குடும்பங்கள் இரண்டாம் முறையாகவும் மூட்டை கட்டின. தென்மராட்சி, வன்னி என்று அலைந்து 1996இல் குடாநாட்டுக்குத் திரும்பியவர்களில் வலிகாமம் வடக்குக்காரர் மட்டும் தங்கள் ஊருக்குப் போக முடியாமல் மறுபடி முகாமுக்கே போனார்கள்.

சட்டத்தில் இல்லாத வலயம்

அந்த நிலப்பரப்புக்கு 'உயர் பாதுகாப்பு வலயம்' என்று பெயர் வந்தது. இந்த வலயம் வர்த்தமானியில் முறையாகப் பிரகடனம் செய்யப்படவில்லை. பின்னாளில் திருகோணமலை மாவட்டத்தின் சம்பூரில் வர்த்தமானி வெளியிட்டு வலயம் அமைத்தார்கள். வலிகாமம் வடக்கில் முள்வேலியும் மண்ணணையுமே எல்லையைச் சொல்லின. எல்லை எழுத்தில் இல்லாதபோது, எந்த ஊர் உள்ளே, எந்த ஊர் வெளியே, எந்தத் தேதியில் எது திறக்கும் என்று கேட்பதற்கும் பிடிமானம் இல்லாமல் போகிறது.

2002 போர்நிறுத்தம் ஒரு வாய்ப்பாக வந்தது. பேச்சுவார்த்தையின் முக்கியமான தலைப்புகளில் இதுவும் ஒன்று. புலிகள் ஆயுதம் களையாமல் வலயத்தைச் சுருக்க முடியாது, விமானத்தளம் பீரங்கி வீச்சுக்குள் வந்துவிடும் என்று இராணுவத் தரப்பு நின்றது. அந்த நிலைப்பாட்டுக்கு ஒரு படையியல் தர்க்கம் இருந்ததை மறுக்க முடியாது. 2003இல் மாவை சேனாதிராசா உச்ச நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குத் தாக்கல் செய்தார். மாவிட்டபுரத்தைத் தன் பெயரிலேயே சுமந்த அந்த அரசியல்வாதி 2025 ஜனவரியில் காலமானார். அவர் போன நாளிலும் அவர் பிரதேசத்தின் காணிகளில் ஒரு பகுதி வேலிக்கு உள்ளேதான் இருந்தது.

2009 மே மாதத்தோடு அந்தப் படையியல் தர்க்கம் முடிந்தது. பீரங்கி வைத்திருந்த மறுதரப்பு இல்லை. 2011இல் அவசரகாலச் சட்டமும் போனது. அதே ஆண்டு வெளியான, அரசே நியமித்த நல்லிணக்க ஆணைக்குழுவின் அறிக்கை, உயர் பாதுகாப்பு வலயங்களை மீளாய்வு செய்யச் சொன்னது. நடந்தது வேறு. 2013 ஏப்ரலில், காணி எடுத்தற் சட்டத்தின் 2ஆம் பிரிவின்படி 6,381 ஏக்கரைப் படைத் தலைமையகத் தேவைக்குச் சுவீகரிக்கப் போவதாக அறிவித்தல் வந்தது. அதுவரை 'தற்காலிகம்' என்று சொல்லப்பட்டதை நிரந்தரமாக்கும் முயற்சி அது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட உரிமையாளர்கள் காணி உறுதிப் பத்திரங்களைத் தூக்கிக்கொண்டு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். காணிக்குச் சொந்தக்காரர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதற்கு அந்த வழக்கு மனுக்களைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. பலர் தங்கள் வளவிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்தில், தகரக் கொட்டிலில் இருந்தார்கள்.

தீர்வுக்கு என்ன அளவுகோல்

இங்கே கொஞ்சம் கோட்பாடு தேவை. உள்நாட்டில் இடம்பெயர்ந்தோருக்கான ஐ.நா. செயலாளர் நாயகத்தின் பிரதிநிதியாக இருந்த பிரான்சிஸ் டெங் முன்னின்று உருவாக்கிய உள்நாட்டு இடப்பெயர்வு வழிகாட்டிக் கோட்பாடுகள் 1998இல் ஐ.நா.வில் முன்வைக்கப்பட்டன. மொத்தம் முப்பது. அவற்றில் 28ஆவது, மக்கள் விரும்பி, பாதுகாப்போடும் மானத்தோடும் திரும்புவதற்கோ வேறிடத்தில் குடியமர்வதற்கோ ஏற்ற நிலையை உருவாக்குவது அதிகாரிகளின் கடமை என்கிறது. 29ஆவது, விட்டுவந்த சொத்தை மீட்டுக் கொடுக்க வேண்டும், முடியாதபோது இழப்பீடு வேண்டும் என்கிறது. 2010இல் வந்த ஐ.நா. அமைப்புகளின் கூட்டுச் சட்டகம் இன்னும் தெளிவாகப் பேசியது. ஊர் திரும்புதல், இருக்கும் இடத்திலேயே வேரூன்றுதல், மூன்றாவது இடத்தில் குடியமர்தல் என வழி மூன்று. எந்த வழியானாலும், இடம்பெயர்ந்ததால் மட்டுமே ஒருவருக்கு உண்டான குறைகள் எதுவும் மிச்சமில்லாதபோதுதான் தீர்வு கிடைத்ததாகக் கொள்ளலாம். காணியும் வீடும் அந்தச் சட்டகத்தின் எட்டு அளவுகளில் ஒன்றுதான். தொழில், ஆவணம், பாதுகாப்பு, குடும்பம் ஒன்றுசேர்தல், பொதுவாழ்வில் பங்கு, நீதி ஆகியவையும் அதில் இருக்கின்றன.

இலங்கை அரசு இந்த மொழியை ஏற்றுக்கொண்டது. 2016 ஆகஸ்டில், மோதலால் இடம்பெயர்ந்தோருக்கான நிலையான தீர்வுகள் குறித்த தேசியக் கொள்கையை அமைச்சரவை அங்கீகரித்தது. நல்ல ஆவணம். விருப்பத் தெரிவு, தகவல் பெறும் உரிமை, பாரபட்சமின்மை எல்லாம் அதில் உண்டு. ஆனால் அது கொள்கை, சட்டமில்லை. அதைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் நீதிமன்றம் போய் என் காணியை இந்தத் தேதிக்குள் தா என்று கேட்க முடியாது.

2015க்குப் பின்

2015 ஜனவரியில் ஆட்சி மாறியதும் விடுவிப்பு வேகமெடுத்தது. வளலாய்ப் பக்கம் மார்ச்சில் தொடங்கி, அந்த ஆண்டே பல நூறு ஏக்கர் திரும்பியது. 2015 டிசம்பரில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன கோணாப்புலம் முகாமுக்கு நேரில் வந்து கொட்டில்களைப் பார்த்தார். ஆறு மாதத்தில் இந்தப் பிரச்சினையை முடிப்பேன் என்றார். அந்த ஆறு மாதம் வந்து போனது. பிறகும் விடுவிப்பு நடந்தது, ஆனால் துண்டு துண்டாக. பெரும்பாலும் ஒரு விழா, ஒரு விருந்தினர் வருகை, ஜெனீவாவில் ஒரு ஐ.நா. மனித உரிமைப் பேரவைக் கூட்டத்தொடர் என்று ஏதாவதொன்றை ஒட்டி.

இந்தத் துண்டு முறைக்கு ஒரு விலை உண்டு, அதைக் கொடுத்தது மக்கள். அடுத்த துண்டில் எங்கள் வளவு வருமா வராதா என்று தெரியாத குடும்பம், முகாமுக்குப் பக்கத்தில் காணி வாங்கவும் மாட்டாது, வீட்டுத்திட்டத்துக்குக் கையெழுத்து வைக்கவும் தயங்கும். வேறிடத்தில் கல்வீடு எடுத்தால் இடம்பெயர்ந்தோர் பட்டியலிலிருந்து பெயர் வெட்டுப்பட்டுவிடும் என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். ஊர் திரும்பும் வழியைத் திறந்தும் திறக்காமலும் வைத்திருந்தால் மற்ற இரண்டு வழிகளும் சேர்ந்தே அடைபட்டுப் போகின்றன.

காணி கிடைத்தவர்கள் கண்ட காட்சியையும் சொல்ல வேண்டும். வீடு இருந்த இடத்தில் பல வளவுகளில் அத்திவாரம் மட்டும். சில இடங்களில் அதுவும் இல்லை. எல்லைக்கல் இல்லை, வேலி இல்லை, கிணறு தூர்ந்து கிடந்தது. ஆளுயரத்துக்குப் பற்றை. பக்கத்து வளவுக்காரர் வெளிநாட்டில். தங்கள் வாசல் எந்தத் திசையில் இருந்தது என்பதையே பழைய புளியமரத்தையோ கோயில் கேணியையோ வைத்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. விடுவிப்பு அன்று கிடைத்தது ஒரு வெற்று நிலம். அதை வளவாக்க நில அளவையாளர் வேண்டும், கிணறு இறைக்க வேண்டும், மின்கம்பம் வேண்டும், வீட்டுத்திட்டத்தில் முதல் தவணை வேண்டும். இவை எல்லாம் தனித்தனி அலுவலகம். ஒன்றுக்கும் மற்றதற்கும் ஒரே நாட்காட்டி இல்லை.

வீட்டுத்திட்டம் பற்றி ஒரு வார்த்தை. இந்திய அரசின் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை லட்சம் ரூபா, உரிமையாளரே கட்டுவது. குறைகள் இருந்தாலும் உள்ளூர் மேசன் வேலை செய்தார், உள்ளூர்க் கல் போனது. 2016இல் வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்குப் பொருத்து வீடுகள் என்ற யோசனை வந்தது. ஒன்றுக்குச் சுமார் 21 லட்சம். யாழ்ப்பாணத்து வெயிலில் இரும்புப் பெட்டிக்குள் யார் சமைப்பது என்று சனம் கேட்ட கேள்வியே போதுமானதாக இருந்தது. கல்வீடு போதும், அதையும் நாங்களே கட்டுவோம் என்று குரல் எழுந்தது. கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்கள்.

மயிலிட்டி: கடலும் கரையும்

2017 ஜூலை 3ஆம் திகதி மயிலிட்டித் துறைமுகம் 27 ஆண்டுகளுக்குப் பிறகு மக்களிடம் கொடுக்கப்பட்டது. 54 ஏக்கர். ஒருகாலத்தில் நாட்டின் பெரிய மீன்பிடித் துறைகளில் ஒன்று அது. கரைக்குப் போய் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டவர்களின் படங்கள் பத்திரிகைகளில் வந்தன.

துறை வந்தது, ஆனால் துறையைச் சுற்றியிருந்த குடியிருப்பு முழுதாக வரவில்லை. மீனவர் வீடு கரையிலிருந்து தள்ளியிருந்தால் விடியப்புறம் மூன்று மணிக்கு எப்படித் தொழிலுக்குப் போவது? வலையை எங்கே காயப்போடுவது, இயந்திரத்தை எங்கே பூட்டி வைப்பது? இடம்பெயர்ந்த காலம் முழுக்க இவர்கள் பிற ஊர்க் கரைகளில் ஒட்டிக்கொண்டு தொழில் செய்தவர்கள். இரவல் கரையில் தொழில் செய்பவனுக்கு இறங்குதுறையிலும் சங்கத்திலும் எப்போதும் கடைசி இடம்தான். தோட்டக்காரர் குடும்பம் மல்லாகத்தில் குத்தகைக் காணியில் வெங்காயம் வைத்துப் பிழைக்கலாம். கடலைக் குத்தகைக்கு எடுக்க முடியாது.

துறைமுகம் பின்னர் கட்டம் கட்டமாக அபிவிருத்தி செய்யப்பட்டது, மூன்றாம் கட்டம் 2025 செப்டெம்பர் முதலாம் திகதி தொடங்கியது. தென்னிலங்கையின் பலநாள் கலங்கள் அங்கே கட்டுகின்றன. தமிழகத்திலிருந்து எல்லை தாண்டி வந்து பிடிபட்ட இழுவைப் படகுகளும் அங்கேதான் கிடந்து துருப்பிடிக்கின்றன. ஊர்க்காரரின் சிறுபடகுக்கு இடநெருக்கடி. துறைமுகத்தின் கணக்கில் இது வளர்ச்சி. மயிலிட்டிக் குடும்பத்தின் கணக்கில் பாதி வழி.

காணி இல்லாதவர்கள்

இந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான், ஆனால் பொதுப்பேச்சில் குறைவாகக் கேட்பதும் இதையே.

முகாம்களில் கடைசிவரை இருந்தவர்கள் யார்? வசதியுள்ள குடும்பங்கள் தொண்ணூறுகளிலேயே கொழும்புக்கும் கனடாவுக்கும் போயின, அல்லது யாழ் நகரில் வீடு வாங்கின. நடுத்தரக் காணிக்காரர் வாடகை வீட்டில் இருந்து, 2015க்குப் பின் திரும்பினார்கள். மிஞ்சியவர்களில் பெரும்பகுதி கூலித்தொழிலாளர், மீனவர், ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பங்கள். 1990க்கு முன் இவர்களில் பலர் பிறர் வளவில் குடியிருந்தவர்கள், அல்லது ஒரு பரப்பு, ஒன்றரைப் பரப்புத் துண்டில் நெருக்கியடித்து இருந்தவர்கள். வேலி திறந்தாலும் இவர்களுக்குத் திரும்பப் போக ஒரு இடம் இல்லை. 'எங்கள் காணியை விடு' என்ற முழக்கத்துக்குள் இவர்களின் கேள்வி அடங்கவில்லை. இவர்கள் இருந்த முகாம்கள்கூடப் பெரும்பாலும் தனியார் காணியில். அந்த உரிமையாளர்களும் தங்கள் காணியைக் கேட்டார்கள், அதுவும் நியாயந்தான்.

2016இல் கீரிமலைப் பக்கம் நல்லிணக்கபுரம் என்ற பெயரில், இராணுவம் கட்டிய 100 வீடுகள் காணியற்றோருக்குக் கொடுக்கப்பட்டன. கூரை கிடைத்தது உண்மை. அதைச் சிறிதாக்கிப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் இருபத்தாறு ஆண்டு முகாமில் கிடந்த குடும்பத்துக்கு எங்கே குடியமர விருப்பம், எந்தக் கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் தொழிலுக்கும் பக்கத்தில் என்ற கேள்வியைக் கேட்டு அதன்படி திட்டமிடுவதுதான் தேசியக் கொள்கை சொன்ன விருப்பத் தெரிவு.

இன்னொரு பக்கமும் உண்டு. ஊருக்குள் குடிக்காணி கொடுக்கும்போது எந்தக் குறிச்சியில், எந்தக் கிணற்றுக்குப் பக்கத்தில் என்று நம்மவர்களே முணுமுணுத்த சந்தர்ப்பங்கள் இருக்கின்றன. இராணுவத்திடம் நீதி கேட்கும் சமூகம் தன் வேலிக்குள்ளும் அதைக் கேட்டாக வேண்டும்.

உறுதியும் காலமும்

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்வோம். 1990இல் தாய் பேரில் சீதன வளவு ஆறு பரப்பு. மூன்று பெண்பிள்ளைகள். முகாமில் இருந்தபோதே மூவருக்கும் கல்யாணம். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமைப்படி, கால் வைக்க முடியாத அந்த வளவையே ஆளுக்கு இரண்டு பரப்பாகச் சீதனம் எழுதிக் கொடுத்தாயிற்று. ஒருத்தி பிரான்சில், ஒருத்தி வன்னியில் காணாமல் போன கணவனைத் தேடுகிறாள், ஒருத்தி முகாமில். தாய் இறந்துவிட்டார். 1990இல் ஒரு குடும்பமாக எழும்பியவர்கள் இப்போது நான்கைந்து குடும்ப அட்டை. அரசின் பதிவேட்டில் பழைய குடும்பத்துக்கு ஒரு வீடு. மற்றவர்கள் 'உபகுடும்பம்'. காணாமல் போனவரின் கையெழுத்து வேண்டிய இடத்தில் யார் வைப்பது?

ஆவணப் பக்கத்தில் ஒரு நல்ல காரியம் நடந்தது. பிறர் காணியைப் பத்து ஆண்டு தொடர்ந்து ஆட்சி செய்தவருக்கே உரிமை சேர்ந்துவிடும் என்ற ஆட்சியுரிமைச் சட்டம் இடம்பெயர்ந்தவர்களுக்குப் பொறியாக இருந்தது. 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சிறப்பேற்பாடுகள் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போரால் தன் காணிக்குப் போக முடியாதவருக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கிடக் கூடாது என்றது. வழக்குப் போட இரண்டு ஆண்டு அவகாசம். எத்தனை பேருக்கு இந்தச் சட்டம் வந்ததே தெரியும் என்பது வேறு கதை. 

அதற்கு நேர்மாறான காரியம் 2025 மார்ச் 28இல் நடந்தது. காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வடக்கில் 5,940 ஏக்கருக்கு வர்த்தமானி வந்தது. மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகும். உறுதி எரிந்தவரும் உறுதியோடு நாட்டைவிட்டுப் போனவரும் தொண்ணூறு நாளில் வந்து நிரூபிக்க வேண்டுமாம். கடும் எதிர்ப்பின் பின், உச்ச நீதிமன்றம் ஜூன் மாதம் இடைக்காலத் தடை போட்டது. அரசும் வர்த்தமானியை மீளப் பெற்றது. இருந்தும், நிரூபிக்கும் சுமை யார் தலையில் இருக்கிறது என்பதை அந்தத் தாள் ஒளிவில்லாமல் காட்டிவிட்டது.

கொலம்பியாவில் 2011இன் 1448ஆம் இலக்கச் சட்டம் இதைத் தலைகீழாக வைத்திருக்கிறது. போரால் காணியை இழந்தேன் என்று ஒருவர் ஆரம்ப ஆதாரம் காட்டினால் போதும். தனக்குத்தான் சொந்தம் என்று நிரூபிக்க வேண்டியது எதிர்ப்பவர். அங்கும் நடைமுறை நத்தை வேகந்தான், காணி கேட்டவர்கள் கொல்லப்பட்ட கொடுமையும் உண்டு. ஆனாலும் சட்டம் யார் பக்கம் நின்று பேசத் தொடங்குகிறது என்பதில் பெரிய வேறுபாடு இருக்கிறது.

புத்தளத்துச் சாட்சி

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். யாழ் நகரத்தவருக்குக் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். எழுபதினாயிரத்துக்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் புத்தளத்துக்கு. தமிழில் இடப்பெயர்வு பற்றி எழுதும் எவரும் இதைத் தாண்டிப் போகக் கூடாது. அங்கே ஒரு தலைமுறை வளர்ந்து, பலர் காணி வாங்கி வீடு கட்டி இருந்துவிட்டார்கள். அதனால் ஊருக்குத் திரும்பும் உரிமை போய்விட்டதா? இல்லை என்பதே சரியான பதில். இரண்டு இடத்திலும் கால் வைத்திருப்பதற்கு அவர்களுக்கு இடம் வேண்டும். ஆனால் 2009க்குப் பிறகு உதவி, 2008 ஏப்ரலுக்கு முன் இடம்பெயர்ந்தவர் 'பழையவர்', பின் இடம்பெயர்ந்தவர் 'புதியவர்' என்று பிரித்துப் புதியவருக்கே முதலில் போனது. வலிகாமம் வடக்கும் புத்தளமும் ஒரே கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றன. அதிக காலம் காத்திருந்தவர் வரிசையில் பின்னுக்குப் போனார்.

ஜோர்ஜியாவில் இடம்பெயர்ந்தவர்களுக்கு நீண்டகாலம் 'திரும்புதல் மட்டுமே' என்று அரசு பிடிவாதமாக நின்றது. 2007இல் அது தன் உத்தியை மாற்றி, திரும்பும் உரிமை அப்படியே இருக்க, இருக்கும் இடத்தில் வீடும் உரிமையும் கொடுக்கத் தொடங்கியது. கோணாப்புலத்திலும் புத்தளத்திலும் இதைத் தொண்ணூறுகளிலேயே செய்திருக்கலாம்.

தாங்களே திறந்த கதவுகள்

போரின் முடிவில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த வவுனியாவின் மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டபோது இடம்பெயர்ந்தோர் இனி இல்லை என்று சொல்லப்பட்டது. அன்று கடைசியாக ஏற்றப்பட்ட, முல்லைத்தீவு மாவட்டத்தின் கேப்பாப்புலவு மக்கள் தங்கள் ஊருக்குப் போகவில்லை, வேறிடத்தில் காடு வெட்டிய 'மாதிரிக் கிராமத்தில்' இறக்கப்பட்டார்கள். 2017 ஜனவரி கடைசியில் அதே கேப்பாப்புலவின் பிலவுக்குடியிருப்புக் குடும்பங்கள் விமானப்படை முகாமின் வாசலில் தறப்பாள் போட்டுக் குந்தின. பெண்கள், கைக்குழந்தைகள், இரவும் பகலும். ஒரு மாதத்தில், மார்ச் 1இல், 42 ஏக்கர் திரும்பியது. 2018 ஏப்ரல் 23இல் கிளிநொச்சி மாவட்டத்தின் இரணைதீவு மக்கள், 1992 முதல் இழந்திருந்த தங்கள் தீவுக்கு வெள்ளைக்கொடி கட்டிய படகுகளில் போய் இறங்கி அங்கேயே இருந்துவிட்டார்கள். அடுத்த மாதம் அனுமதி வந்தது. கொள்கை ஆவணத்தால் இரண்டு ஆண்டில் முடியாததை இந்தப் பெண்களும் மீனவர்களும் வாரக்கணக்கில் செய்தார்கள். பங்கேற்பு என்று கருத்தரங்குகளில் சொல்வது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

என் பார்வையில் செய்ய வேண்டியவை பெரிய மர்மம் இல்லை. மிச்சமிருக்கும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஏக்கர் எந்தெந்தக் காணி, எது எந்தத் தேதியில், எது ஏன் முடியாது என்று கிராம அலுவலர் பிரிவுவாரியாக எழுத்தில் ஒட்ட வேண்டும். முடியாது என்பதற்குக் காரணத்தை நீதிமன்றத்தில் சொல்ல வேண்டியது படைத்தரப்பு. விமான ஓடுபாதைக்கு உண்மையிலேயே தேவையான துண்டுக்கு இன்றைய சந்தை விலையும் மாற்றுக் காணியும் கொடுக்க வேண்டும். உல்லாச விடுதிக்கும் படையினரின் தோட்டத்துக்கும் அந்தச் சலுகை இல்லை. தையிட்டியில் உறுதியுள்ள தனியார் காணியில் விகாரை எழுந்த பிறகு மாற்றுக் காணி தருகிறோம் என்பது போன்ற ஏற்பாடு நட்டஈடு ஆகாது. காணியற்ற குடும்பங்களுக்கு விடுவிப்போடு சேர்த்தே, அதே ஊரில் குடிக்காணி. உபகுடும்பத்துக்கும் வீடு. மீனவருக்குக் கரை.

2025 ஏப்ரல் 10ஆம் திகதி, வசாவிளான் சந்தியிலிருந்து பலாலி போகும் வீதி முப்பத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு திறக்கப்பட்டது. அன்று வைத்த நிபந்தனைகள் இவை: காலை ஆறு மணி முதல் மாலை ஐந்து மணி வரை போகலாம். நடந்து போகக் கூடாது. இடையில் வாகனத்தை நிறுத்தக் கூடாது, திருப்பக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. இரு பக்கமும் வேலி. அந்த வேலிக்குப் பின்னால் வளவு உள்ளவர்கள் பஸ்ஸின் யன்னல் பக்கத்து இருக்கையைக் கேட்டு வாங்கி உட்காருகிறார்கள்.